ஏணைக் கயிறு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டு ஒன்றில், ஆரணியில் பெற்றோர் வீட்டில் தங்கி, தினமும் வேலூர் போய் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்குப் பத்து மாதம். அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அப்பா வீட்டிலேயே பட்டுத்தறி நெய்பவர். அம்மா அரிசி மில்லுக்குப் போய்விடுவார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதும் இதே ஏற்பாடுதானாம்.

உளவியல் வகுப்பில் ஒருநாள் உளப்பகுப்பாய்வு வந்தது. வாய்ப் பருவம், கழிப்புப் பருவம் என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுத எழுத, பின்வரிசையில் ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதில் என் சிரிப்பு அடங்கிவிட்டது. பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்குள் ஏதோ படிந்துவிடுகிறது, பிறகு நினைவுக்கு வராது, ஆனாலும் ஆயுசு முழுக்க அதுதான் நம்மை நடத்துகிறது என்றார். போன தாய் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கையும் அந்த வயதில்தான் உண்டாக வேண்டுமாம்.

பேசிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று மௌனமானால் என்னால் தாங்க முடியாது. சென்னையில் வேலையிலிருந்த என் வீட்டுக்காரர் போனில் ஒரு நொடி பேசாவிட்டால், கோபமா கோபமா என்று பத்துத் தடவை கேட்டு, அவருக்கு நிஜமாகவே கோபம் வரவைத்துவிடுவேன். காரணம் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்த அம்மாவிடம், "நீ என்ன உட்டுட்டு மில்லுக்குப் போனதாலதான் நான் இப்படி இருக்கேன்" என்று சொல்லியே விட்டேன். அம்மா முகம் கழுவப் போய்விட்டார்.

என் மகளுக்கும் அதையேதானே செய்கிறேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் கல்லூரிக்குப் புறப்பட்டவள், படிப்பை விட்டுவிடுவதென்று முடிவுசெய்து, கண்ணமங்கலத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

வாசலிலிருந்தே பார்த்தேன். விட்டத்தில் புடவையால் கட்டிய தூளி, எங்கள் பேச்சில் ஏணை, தொங்கியது. அதிலிருந்து ஒரு கயிறு தறிப் பலகையோடு கட்டியிருந்தது. ஒவ்வொரு இழைக்கும் அப்பா பலகையை இழுத்து அடிக்க, ஏணை தானாக ஆடும். எங்கள் தெருக் குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் தூங்கும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்தது. தறி நின்றது, ஏணையும் நின்றது. மகள் கண்ணைத் திறந்தாள். அழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தறிப்பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். நானும் இப்படிப் படுத்துக் கிடந்தவள்தானே.

அப்பா தலை நிமிரவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளுக்குள் அறுந்ததைத் தேடிக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூக்க ஓர் அடி வைத்தேன். அதற்குள் அவர் குனிந்தபடியே நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தடவை தட்டினார். ட்டொக், ட்டொக். ஏணைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு 'ட்டொக்' திரும்பி வந்தது. மகளின் முகம் தளர்ந்தது. இழையை முடிந்து பலகை மறுபடி அசையும்வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டார்கள்.

அது என்னுடைய சத்தம். எதிரில் இருப்பவர் பேசாமலிருந்தால் என்னையறியாமல் நானும் இப்படித்தான் நாக்கைத் தட்டுவேன். போனில் பல்லி சொல்லுது என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். எனக்கே சொந்தமான கெட்ட பழக்கம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பயத்தையும் அதற்கான மருந்தையும் ஒரே ஏணையில் படுத்து வாங்கியிருக்கிறேன். இரண்டுமே நினைவில் இல்லை.

அது என்ன சத்தம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நூல் அறுந்தா கண்ணையும் எடுக்க முடியாது, கையையும் எடுக்க முடியாதும்மா. வாய் சும்மாதான இருக்குது. இங்கதான் இருக்கேன்னு சொல்லிகினு இருப்பேன்" என்றார். பிறகு, "இது உங்கம்மா வேலை. மொதமொத மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நாள் ஏணைகிட்ட குந்திகினு உன்னப் பழக்கினா. அப்புறம் எனக்கும் பழக்கிட்டுதான் போனா" என்றார்.

சாயங்காலம் அம்மா வந்து குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பின்னால் நின்று நாக்கைத் தட்டினேன். குழாயை மூடினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபமா என்று கேட்காமல் காத்திருந்தேன். திரும்பிப் பார்க்காமலே அம்மா இரண்டு தடவை தட்டினார்.

மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் வேலூர் போனேன்.