இறாலுக்கும் சாதி பார்க்கிறவர்

இத்தாலியின் பலெர்மோவில் அகஸ்ரீனா மதித்த ஆட்கள் மொத்தம் ஒருவர். அவர் பங்குச் சுவாமி. அதுவும் பிரசங்கத்தை இழுக்காத ஞாயிறுகளில் மட்டும். மற்றவர்கள் எல்லாரும் அவள் கண்ணில் கழிவு. பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவன், கண் செத்த மீனை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறவன். மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் அவளுடைய புருசன் பவுல், ஒரு கோப்பையைக் கழுவ ஒரு செபமாலை நேரம் எடுக்கிறவர். மன்னார்ப் பேசாலையில் பிறந்து, பத்து வயதிலேயே மீன் வாடியில் குந்தியிருந்து இறால் தரம் பிரித்த கை தன்னுடையது என்பதை யாரும் கேட்காமலே சொல்வாள்.

இந்தப் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தவர், அவள் வேலை செய்த வீட்டுக்காரர் பிரொபெசோர் லா மான்தியா. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். சப்பாத்து நாடா கட்டத் தெரியாது. கோப்பி போட்டால் அடுப்பு குடிக்கும். ஆனால் கண்ணாடி அலுமாரிக்குள் முப்பத்தெட்டுப் போத்தல்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் சுவாமி அப்பம் உயர்த்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். போத்தல்களுக்குள் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்தவை நகத்தளவு பிராணிகள். இறாலின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம். கடலுக்கு அந்தப்பக்கம் ஒஹ்ரிட் என்று ஒரு ஏரி. பத்து இலட்சம் வருசத்துக்கு மேல் வற்றாமல் கிடக்கிற கிழட்டு ஏரி. அங்கே ஐந்து கோடைகாலம் வள்ளத்தில் போய் வலை போட்டுப் பிடித்து வந்தாராம்.

"அஞ்சு வருசமா வலை போட்டு இவ்வளவுதான்" என்று அகஸ்ரீனா பவுலுக்குச் சொன்னாள். "பேசாலையிலை எண்டால் வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டி ரெண்டாம் நாளே கலைச்சிருப்பார்."

"மெல்லக் கதையும். அந்தாள்தான் உமக்குக் கையெழுத்து வைக்கோணும்" என்றார் பவுல்.

அதுதான் விசயம். தொண்ணூற்றாறாம் ஆண்டு. விசா இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது. வேலை கொடுக்கிறவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தால், அதைக் குவெஸ்துறாவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், கொடுத்துப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கலாம். பங்குனி கடைசியோடு கதவு மூடும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால்தான் மகள் கிளறாவைக் கூப்பிடலாம். கிளறாவை ஐந்து வயதில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தவள். இப்போது பிள்ளைக்கு ஒன்பது. பத்திரமோ மூன்று கிழமையாகப் பிரொபெசோரின் சாம்பல் தட்டத்துக்குக் கீழே கிடந்தது. கேட்கும்போதெல்லாம் மூக்கைச் சொறிந்துகொண்டு, "தொமானி, அகஸ்ரீனா, தொமானி" என்பார். நாளைக்கு. பலெர்மோவில் நாளை என்பது ஒரு நாள் அல்ல என்பதை அவள் நாலு வருசமாகப் பார்த்துவிட்டாள்.

அந்த வருசம் பங்குனி கடைசி நாள் குருத்து ஞாயிறு. ஆகவே வெள்ளிக்கிழமைதான் உண்மையான கடைசி. வியாழன் காலை பிரொபெசோர் வெளிக்கிடும்போது, அலுமாரியைத் தூசி தட்டி, குறைந்த போத்தல்களுக்கு ஸ்பிரிட் விடச் சொல்லிவிட்டுப் போனார். மனுசனின் மனம் குளிரும்படி செய்தால் மத்தியானம் கையெழுத்து விழும் என்று அகஸ்ரீனா கணக்குப் போட்டாள்.

முதல் போத்தலைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரிசு, சின்னன், முள்ளுள்ளது, மொழுமொழுவென்றது, எல்லாம் ஒரே குழம்பலாகக் கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். முப்பத்தெட்டும் அப்படித்தான்.

"படிச்ச மனுசன்" என்று சுவருக்குச் சொன்னாள். "ஒண்டையும் தரம் பிரிக்கத் தெரியேல்லை."

குந்தினாள். எல்லாவற்றையும் தேத்தண்ணி வடியில் வடித்துத் தட்டங்களில் கொட்டி, வாடியில் செய்கிற மாதிரியே பிரித்தாள். ஏற்றுமதிக் கொம்பனிக்குப் போகிற பெரிசு ஒரு பக்கம், கறிக்குப் போகிற சின்னன் ஒரு பக்கம், முள்ளுள்ளது தனி. ஆறு குவியல். ஆறு போத்தல்களைப் பளபளவென்று கழுவி, குவியலுக்கு ஒன்றாகப் போட்டுப் புது ஸ்பிரிட் விட்டாள். மிச்சம் முப்பத்திரண்டையும் கழுவிக் குசினியில் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் பென்சிலால் கிறுக்கிய ஊறல் கடுதாசித் துண்டு ஒன்று கிடந்தது. சோற்றுக்குள் கடுதாசி கிடந்தால் யாராவது வைத்துக்கொண்டிருப்பார்களா? குப்பை வாளிக்குள் போட்டாள்.

இரண்டு மணிக்குப் பிரொபெசோர் வந்தார். அலுமாரியைப் பார்த்தார். கையில் இருந்த பாண் விழுந்தது.

"மத்ததுகள் எங்கை?"

"எல்லாம் அதுக்குள்ளைதான். இப்ப பாருங்கோ, எவ்வளவு வடிவு."

"கடுதாசி?"

"ஊத்தைக் கடுதாசி. எறிஞ்சிட்டன்."

அவர் கதிரையைத் தேடாமல் நிலத்திலேயே இருந்துவிட்டார். அழுவாரோ என்று நினைத்தாள். அழவில்லை. வகுப்பெடுத்தார், இந்தச் சாதி ஆட்களுக்குத் துக்கம் வந்தாலும் வகுப்புத்தான். ஒவ்வொரு கடுதாசியும் எந்தக் கரை, எத்தனை மீற்றர் ஆழம் என்று சொல்கிற கடுதாசியாம். அந்த ஏரிக்குள் ஒரு தாயின் பிள்ளைகள் ஆழத்துக்கு ஆழம், கரைக்குக் கரை பிரிந்துபோய், இலட்சக்கணக்கான வருசத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து குஞ்சு பொரிக்க ஏலாத வேறு வேறு இனமாகிவிட்டனவாம்.

"அகஸ்ரீனா, உருவம் பொய் சொல்லும். அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு, இரத்தத்திலை அந்நியமா இருக்கும். முள்ளுள்ளதும் முள்ளில்லாததும் கூடப்பிறந்ததா இருக்கும். கண்ணாலை பாத்துப் பிரிக்க ஏலாது. பிறந்த இடம் தெரிய வேணும்!"

அகஸ்ரீனா இடுப்பில் கை வைத்தாள். ஊரில் மனுசருக்குச் சாதி பார்க்கிறவர்களை அவளுக்குத் தெரியும். இறாலுக்குச் சாதி பார்க்கிறவரை இப்போதுதான் காண்கிறாள்.

"பத்திரம்?" என்று கேட்டாள்.

"இண்டைக்கு என்னாலை ஒண்டிலையும் கையெழுத்து வைக்க ஏலாது. வீட்டை போங்கோ."

அவள் போகவில்லை. அவர் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து, ஒரு பிராணியை எடுத்து, சாவணத்தால் அதன் ஒரு காலைப் பிடுங்கப் பார்த்தார். கால் வராமல் உடம்பு இரண்டாகப் பிய்ந்தது. அடுத்ததும் பிய்ந்தது.

"என்ன செய்யிறியள்?"

ஒவ்வொரு போத்தலிலும் ஐந்தின் மரபணுவை முன்பே ஆய்வுகூடத்தில் பார்த்து வைத்திருக்கிறாராம். இனி எல்லாவற்றினதும் காலை ஒவ்வொன்றாக எடுத்து, தனித்தனிக் குழாயில் போட்டு, மரபணுவை ஒப்பிட்டால் எது எந்தக் கரை என்று திரும்பக் கண்டுபிடிக்கலாமாம்.

"எத்தினை?"

"அறுநூறுக்கு மேலை."

மூன்றாவதும் பிய்ந்தது. இந்த வேகத்தில் போனால் கிளறாவுக்குக் கலியாணமே முடிந்துவிடும். அகஸ்ரீனாவுக்குப் பொறுக்கவில்லை. பத்திரத்தையாவது எடுத்துக்கொண்டு சுவாமியிடம் ஓடி அவரைக்கொண்டு கேட்பிக்கலாம் என்று சாம்பல் தட்டத்தைத் தூக்கினாள். பெயர், பிறந்த திகதி எல்லாம் அவர் கையால் நிரப்பியிருந்தது. நாடு என்ற இடத்தில் வந்து அவள் கண் நின்றது.

மொரீசியஸ்.

"பிரொபெசோரே. இது என்ன?"

அவர் தலையை நிமிர்த்தினார். "ஏன்? நீங்கள் லில்லியானின்ர ஊர்தானே? எனக்கு முதல் வேலை செய்த லில்லியான். ஒரே மாதிரித்தானே இருக்கிறியள்."

அகஸ்ரீனாவின் இத்தாலியனில் வினைச்சொற்கள் ஊனமாகத்தான் வரும். அன்றைக்கு எல்லாம் எழும்பி நடந்தன.

"லில்லியான் பிரெஞ்சு கதைக்கிறவ. முருகனுக்குக் காவடி எடுக்கிறவ. நான் மன்னார், வேதக்காரி, மாதாவுக்குப் பொங்கல் வைக்கிறவள்! என்ர பாஸ்போட்டிலை ஒரு நாடு, உங்கட கடுதாசியிலை ஒரு நாடு எண்டால் குவெஸ்துறாக்காரன் கிழிச்சு என்ர மூஞ்சையிலை எறிவான். ரெண்டு வருசமா உங்கட சட்டைக்குப் பொத்தான் தைக்கிறன். ஒருநாள் கேட்டியளா, எந்த ஊர் எண்டு? இறாலுக்குப் பிறந்த இடம் வேணுமாம், கரை வேணுமாம், ஆழம் வேணுமாம். எனக்கு?"

லா மான்தியா வகுப்பெடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்கு அந்த ஆளுக்குப் பழக்கமில்லை. மேசை லாச்சியைத் துழாவி இன்னொரு வெற்றுப் பத்திரத்தை எடுத்தார். பேனையைத் தேடினார். அது அவருடைய காதில் இருந்தது, அகஸ்ரீனாதான் எடுத்துக் கொடுத்தாள்.

"ஸ்ரீ லங்கா. வடிவா எழுதுங்கோ. வெட்டுக் கொத்து இல்லாமல்."

எழுதினார். கையெழுத்துக்கு முன்னால் பேனை நின்றது.

"கால் எடுக்கிற வேலை..." என்று இழுத்தார்.

"முதல் கையெழுத்து. பிறகு பாப்பம்."

கையெழுத்து விழுந்தது.

வெள்ளி விடியவே அவள் குவெஸ்துறா வரிசையில் நின்றாள். பத்து மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் பத்திரத்தைப் பார்த்தான், பாஸ்போட்டைப் பார்த்தான், முத்திரை குத்தி ஒரு துண்டு கொடுத்தான். வேலை முடிந்தது. இனி அந்த வீட்டுப் படியில் கால் வைக்கத் தேவையில்லை என்று பவுல்கூடச் சொன்னார்.

"அந்தாள் ஒவ்வொண்டையும் பிச்சுப் பிச்சு வைக்கும். நான்தான் போய் எடுத்துக் குடுக்கோணும்" என்றாள்.

பெரிய கிழமை திங்கள் தொடக்கம் வியாழன் வரை லா மான்தியாவைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு அவள் இருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பிராணி, அறுநூற்றுப் பன்னிரண்டு கால். ஒன்றும் பிய்யவில்லை. குழாய்களில் இலக்கம் எழுதுகிற வேலையை அவருக்குக் கொடுத்தாள். பெரிய வேலை கொடுத்தால் கெடுத்துவிடுவார்.

புரட்டாதியில் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்து லா மான்தியா ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார். அவளுடைய பெரிசுக் குவியல் ஒரு இனம் இல்லையாம், நாலு இனமாம். முள்ளுள்ளதும் மொழுமொழுவும் ஒரே இனமாம். ஆறு குவியலில் ஒன்றுகூடச் சரியில்லை என்று சொல்லும்போது அந்த மனுசனின் முகத்தில் கொண்டாட்டம்.

அகஸ்ரீனா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகவும் பார்த்தாள்.

"சந்தையிலை வைச்சால் எல்லாம் ஒரு விலைதான்" என்றாள். "நாளைக்கு வரமாட்டன். கிளறாவின்ர பத்திரங்களைக் குடுக்கப் போகோணும்."

"நாளைக்கு ஆய்வுகூடத்திலை இருந்து ஆக்கள் வருகினம். வீடு..."

"தொமானி" என்றாள் அகஸ்ரீனா, அவரைப் போலவே மூக்கைச் சொறிந்து, அவரைப் போலவே இழுத்து. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.