மந்திரித்த வேனும் ஏழாம் இணைப்பும்

செஞ்சி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தவரை, பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கையெழுத்து இருந்தால் தேதி இல்லை என்பேன்; தேதி இருந்தால் இணைப்பு இல்லை என்பேன். ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் பங்குச் சாமியாரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சபையின் போதகரும் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். திருடன் கையில் சாவி கொடுப்பது என்பார்களே, அதைத் தெரிந்தே செய்தார்கள்.

பாரம் ஒரு தொண்டு நிறுவனத்தின் சிறு நிதியுதவிக்கானது. இரண்டு திருச்சபைகளாவது சேர்ந்து செய்யும் வேலைக்குத்தான் கொடுப்பார்கள். நாங்கள் கேட்டது ஒரு பழைய வேன். சிங்கவரத்துப் பெண் ஒருத்தி, போதகர் சபையைச் சேர்ந்தவள், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு விழுப்புரம் போய்வருகிறாள். போகும்போது பேருந்தில் நின்றுகொண்டு. வரும்போது நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துகொண்டு. எங்கள் பங்கிலும் அதே நோயாளிகள் இருவர். மூவரையும் ஒரே வேனில் அழைத்துப்போவதாக ஏற்பாடு.

பாரத்தில் ஒன்பதாம் கேள்வி தவிர மற்றதெல்லாம் எனக்குத் தூசு. ‘இரு சபைகளும் இதுவரை சேர்ந்து பணியாற்றியதற்கு ஆதாரம் என்ன?’ உண்மையில் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று அமுக்கப் பார்ப்பதைத் தவிர வேறு கூட்டு முயற்சி எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் பங்குத் திருவிழா வந்தது. மறுநாள் பங்கு மக்களின் வண்டிகளையெல்லாம் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்தி மந்திரிப்பது எங்கள் வழக்கம். புது டிராக்டரிலிருந்து ஓட்டை மொபெட் வரைக்கும். எங்களுக்கு விற்பதாகச் சொல்லியிருந்த வேன்காரர் அன்றைக்கென்று பார்த்து வேனைக் காட்ட ஓட்டிவந்திருந்தார். எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? மாலை போட்டு, இரண்டு சபைப் பெயரும் போட்ட பேனரை முன்னால் கட்டிவிட்டார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். போதகர் துளி படாத தூரத்தில் நின்று ஜெபித்தார். பிறகு இருவரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் படம் எடுத்தேன்.

“சார், இது இன்னும் நம்ம வண்டி ஆவலியே?” என்றாள் சிங்கவரத்துப் பெண்.

“இது ஆதாரம்மா” என்றேன். படத்தை ஏழாம் இணைப்பாக வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளுக்கு உதவி கிடையாது, படத்தின்படி வேன் உங்கள் வசம் வந்துவிட்டது, முடிவு இறுதியானது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். அந்த விதி பாரத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டவனும் நான்தான். ஒன்பதாம் கேள்விக்குப் பதில் கிடைத்த மிதப்பில் அது என் கண்ணில் படவில்லை. என் பழைய மேசைக்கு இந்தப் படம் வந்திருந்தால் நானும் இதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் கடுப்பாக.

விளக்கக் கடிதம் அனுப்பினேன். ‘பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. வேன்காரர் எவ்வளவு நாள் காத்திருப்பார்? கறிக்கோழிக் கடைக்காரருக்கு விற்றுவிட்டார். மந்திரித்த வேன் இப்போது கடைவீதியில் கூண்டுகளோடு போகிறது.

சேதியைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையத்தில் வைத்துச் சொன்னேன்.

“இன்னா சார், போட்டோவுல நான் நல்லா விழலியா?”

“நீ அதுல இல்லவே இல்லம்மா.”

“அதான பார்த்தேன். என்னெ நிக்க வெச்சிருந்தா குடுத்திருப்பாங்க.”

அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய் நகலைப் புரட்டிப் பார்த்தேன். படத்தில் மட்டுமல்ல, பாரத்திலும் அவள் இல்லை. ‘பயனாளிகள்: மூவர்’ என்று எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரம் பேருந்து வந்து நிற்பதற்குள் ஓடி, ஜன்னல் வழியாக என் துண்டை ஒரு இருக்கையில் போடுகிறேன். எந்த விதியிலும் இல்லாத முறை. ஆனால் செஞ்சியில் யாரும் ஆட்சேபிக்காத பட்டா அது ஒன்றுதான். திரும்பி வரும்போது துண்டு போட அங்கே ஆள் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் வரத் தாமதமானது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

“பெரியவரே, ஆளு வருதா, துண்டு மட்டும் போவுதா?” என்றார் கண்டக்டர்.

“வருது, வருது.”

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. உட்கார்ந்ததும் துண்டை மடித்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“அடுத்த பாரம் எப்ப சார்?”

“தை மாசம்.”

“இந்த வாட்டி போட்டோ எல்லாம் வேணாம். நான் இருந்தா கையெழுத்து போடறேன்.”

பேருந்து நகர்ந்தது. பயனாளி கையெழுத்துப் போட அந்தப் பாரத்தில் இடமே கிடையாது.