மேல்மாடிக்கு அடித்த சீலிங்

சண்டைக் காலத்தில், மேல்மாடி வாடகையை நம்பித்தான் அப்பா கொழும்பு வெள்ளவத்தையில் அந்தப் பழைய வீட்டை வாங்கினார். ஓட்டின் வெக்கை இறங்காதிருக்க நான் நச்சரித்து, மேலே பலகை சீலிங் அடிப்பித்தேன். வாடகைக்குப் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி. செக்கிங்குக்கு வாற ஆமி, மேல என்ன ஒளிச்சு வச்சிருக்கு எண்டு கேட்டா?"

"ஒண்டுமில்லை அக்கா, வெறும் ஓடுதான்."

"அதை நீர் வந்து சிங்களத்தில சொல்லுவீரோ?"

அடுத்து வந்த குடும்பமும் அதையே கேட்டுவிட்டுப் போனது.

"போய்த் தச்சனைக் கூட்டிக்கொண்டு வா" என்றார் அப்பா. தேட வரும் இராணுவத்தினர் எட்டிப் பார்க்கும்படி புதுப் பலகையை வெட்டி ஒரு சின்னக் கதவு வைத்தோம். பிறகு குடும்பத்தோடு வந்தவர் தண்ணீர் வருமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏணியும் வீட்டோட தருவியளோ?" என்றார்.

அன்றைக்கே ஒன்று வாங்கினேன். அவர்கள் குடிவந்தார்கள்.