திரைக்கு உள்பக்கம்

தையல்காரனின் மனைவி ஒரு நாளும் சிகரெட்டைத் தொட்டவள் அல்ல. ஆனால் முதல் பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் கணவனின் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் கட்டினாள். அவன் வாயில் எந்நேரமும் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். முன்னறை கடை, பின்னறை குடித்தனம், நடுவில் ஒரு வெள்ளைத் துணித்திரை. குழந்தை பிறந்ததும் அவன் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். புகை தன் பக்கமே நின்றுவிடும் என்று மனதார நம்பினான். அதுவும் துணியையே பிழைப்பாகக் கொண்டவன்.

பெண் பிள்ளை, நோஞ்சானாகப் பிறந்தது. "வயித்துலயே பட்டினி போட்டுட்டா" என்றாள் நாத்தனார். பிறகு பிள்ளை மளமளவென்று பெருத்தது. கவுனைத் தைத்து முடிப்பதற்குள் அளவு மாறிவிடும். அப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. 'குண்டு' என்றே கூப்பிட்டான். நாத்தனார் இப்போது, "கண்டதையும் கொட்டிக் குடுக்குறா" என்றாள். இளைத்தாலும் பெருத்தாலும் குற்றவாளி அவள்தான். புகைத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் மறுபடி முழுகாமல் இருந்தபோதுதான், குண்டுவை எடை பார்த்த நர்ஸ் கேட்டாள்: "வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா?"

"அவரு கடையிலதான் பிடிப்பாரு. நடுவுல திரை இருக்கு."

"திரை என்னம்மா செய்யும்? வயித்துல இருக்கும்போதே புகை பட்டா, சில பிள்ளைங்க சின்னதாப் பிறந்து, அப்புறம் வேகமா எடை போடும்னு கண்டிருக்காங்க. இவளுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வரி அவளோடு வீட்டுக்கு வந்தது. பிள்ளைக்குத் தலை துவட்டும்போதெல்லாம் குனிந்து முகர்ந்தாள். புகை நெடி முடியிலா, தன் மூக்கிலா, பிரிக்க முடியவில்லை.

"நர்ஸே அடிச்சுச் சொல்லலையே" என்றான் கணவன்.

"இல்லைன்னும் சொல்லலையே."

திரையைக் கழற்றி வாளியில் ஊறவைத்தாள். தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. மாற்றினாள், மறுபடியும் பழுப்பு. வாளியைத் தூக்கிவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"சாயம் போற துணி. வாங்கும்போதே நெனச்சேன்" என்று சிரித்தான்.

"வெள்ளைத் துணிக்கு ஏதுங்க சாயம்?"

அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். துணியை அலசலாம், பிள்ளையின் நெஞ்சை எந்தத் தண்ணீரில் அலசுவது?

திரையை அவள் மறுபடி மாட்டவில்லை. மறுநாள் மத்தியானம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பாயில் உட்கார்ந்து குண்டு அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய், தன் வயிற்றில் கையை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் இருவரையும் பார்த்தான். சிகரெட்டோடு எழுந்து படியிறங்கித் தெருவுக்குப் போனான்.

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகும் அந்த அறையில் மூச்சை இழுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.