பக்கத்து நாட்டுக்குக் கிடைத்த போட்டி

அந்தச் செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தையில், வேலை செய்யும் பல் கிளினிக்கின் முன்மேசையில் இருந்தேன். சுவரில் தொங்கும் டிவியில் யாரோ ஒரு காகித உறையைப் பிரித்தார்கள், பிறகு எல்லாரும் எழும்பிக் கை தட்டினார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விளையாட்டுப் போட்டி அடுத்தமுறை இந்தியாவில் ஒரு நகரத்தில் என்று கீழே எழுத்து ஓடியது.

ஹெவ்லொக் டவுனிலிருந்து பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த அன்ரி ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"பார் பிள்ளை, இந்தியாவுக்குக் குடுத்திட்டாங்கள். நல்லதாப் போச்சு. கிட்டத்தில எண்டா எங்கட ஆக்களும் போய்ப் பார்க்கலாம்."

"ஓம் அன்ரி" என்றேன். அடுத்ததாக யாரை உள்ளே அனுப்பினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

என் கணவர் பளு தூக்குபவர். பகலில் முகத்துவாரத்தில் ஒரு ஸ்டோர்ஸில் மூட்டை இறக்குவார். பின்னேரம் கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் பயிற்சி. அவருடைய பெயர் மூன்று வருடமாகத் தேசிய குழாமில் இருந்தது. வெளிநாடு போனால் பதக்கம் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போவதுதான் முக்கியமாக இருந்தது.

அவரோடு முன்பு பயிற்சி செய்த ஒருவர், குளிர் தேசமொன்றுக்குப் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பவில்லை. இப்போது அங்கே பெரிய லொறி ஓட்டுகிறார். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுவிட்டார். அவர் இடைக்கிடை போனில் பனியைக் காட்டுவார். என் கணவர் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த போட்டியும் அந்தப் பக்கம்தான் என்று மண்டபத்தில் எல்லாரும் உறுதியாகக் கதைத்தார்கள். இவர் கனரக வாகன லைசன்ஸ் எடுத்தார். மகளோடு இங்கிலிஷில் கதைக்கத் தொடங்கினார். சோறு போடச் சொல்லி இங்கிலிஷில் கேட்பார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

"போனா நான் திரும்பி வரமாட்டன். அங்கயே நிண்டு அகதிக் கேஸ் போடுவன். பிறகு உங்களைக் கூப்பிடுவன்."

"எத்தனை வருஷம்?"

"அவனுக்கு ஏழு வருஷம் எடுத்தது."

மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் குழாயை மூடினேன்.

"சரி" என்றேன்.

"சரியெண்டா?"

"போங்கோ எண்டுதான் சொல்றன்."

அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவர் அதிகாலையிலும் மண்டபத்துக்குப் போகத் தொடங்கினார். நான் மட்டும், அவர் இல்லாத வீட்டில் யார் காஸ் சிலிண்டரைத் தூக்கி மேல்மாடிக்குக் கொண்டுவருவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போய் வந்தேன்.

டிவியில் கைதட்டல் முடிவதற்குள் அவருடைய போன் வந்தது.

"பார்த்தனியா?"

"ஓம்."

ஸ்டோர்ஸில் யாரோ சிங்களத்தில் கத்துவது கேட்டது.

"அங்க மழையா?" என்று கேட்டார்.

"இல்லை. வெயில்."

"சரி. வா."

வேலை முடிந்ததும் நான் பஸ் எடுக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இறங்கி, ரயில் பாதையோரமாக நடந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. நடந்துகொண்டிருக்கும்போதுதான் அது நிம்மதி என்று தெரிந்தது. இந்தியாவில் நின்று கேஸ் போட ஒன்றுமில்லை. அவர் போகமாட்டார். பிள்ளைக்கு அப்பா வீட்டில் இருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நான் வேகமாக நடந்தேன்.

வீட்டில் மகள் அவருடைய மடியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க அந்தப் போட்டிக்குப் போவீங்களா?"

"அங்க போய் என்ன செய்யிற?" என்றார்.

இரண்டு கிழமை மண்டபத்துக்குப் போனார். பிறகு நின்றுவிட்டார். ஒரு சனிக்கிழமை பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். சிங்களவர், எங்களோடு தமிழில்தான் கதைப்பார், தம்பி என்பதை மட்டும் மல்லி என்பார்.

"ஏன் மல்லி வாறதில்லை?"

"முப்பத்தொரு வயசு, மாஸ்டர். இனி எதுக்கு?"

மாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "நீ எதுக்காகத் தூக்கினது எண்டு எனக்குத் தெரியும். பத்துப் பேர் அப்பிடித்தான் தூக்கிறது. அங்க போனா எட்டாவது வருவாய். அதுக்கெண்டாலும் வா" என்றார்.

என் கணவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"போங்கோவன்" என்றேன் நான். "விளையாட்டுக்காகவாவது."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "இந்தியா எண்டு வந்த அண்டைக்கு உனக்குச் சந்தோஷம்தானே?"

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அவர் பின்னால் வரவில்லை, மறுபடி கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று பொய் சொல்லியிருப்பேன். அவரும் நம்பியது போல இருந்திருப்பார்.

தெரிவுப் போட்டி நடந்த நாளன்று அவர் வழமைபோல ஸ்டோர்ஸுக்குப் போனார். வந்து குளித்துவிட்டுப் படுத்தார். அவருடைய எடைப் பிரிவில் யார் தெரிவானது என்று நான் போனில் தேடிப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் அவருக்கு வளைகுடா நாடொன்றில் களஞ்சிய வேலை சரிவந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்தால் திரும்பப் புதுப்பிக்கலாம். குடும்பத்தைக் கூப்பிட முடியாது, அங்கே நிற்கவும் முடியாது. உடம்பு முடியுமட்டும் போய்ப் போய் வரலாம். மெடிக்கலில் டொக்டர் அவருடைய தோளைத் தட்டிப் பார்த்து, நல்ல உடம்பு என்று எழுதிக் கொடுத்தாராம்.

ஏழு வருஷத்துக்குச் சரி என்று சொன்ன எனக்கு இந்த இரண்டு வருஷத்துக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை பிளேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறார்.