ஈரத்துணி அறிக்கை

எங்கள் தொழிற்சாலையின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை பயன்படுத்திய மென்பொருளில் பாதிக்கு உரிமம் இல்லை என்று தணிக்கையில் தெரியவந்தது. காசு கொடுத்து வாங்குவதைவிட இலவசமானதற்கு மாறிவிடலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்தாறு வயது. மதுரைப் பக்கமிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்து, வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் அந்த ஆலையில் தர ஆய்வாளனாக இருபத்தொரு ஆண்டுகள் முடித்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். உள்ளே நுழைவதற்கான பெயர், என் பெயரின் ஆறு எழுத்துகள். பாஸ்வேர்டு, என் டோக்கன் எண்ணின் ஐந்து இலக்கங்கள். சீட்டின் கீழே ஒரு வரி: முதல் வகுப்பு புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, அதுவரை யாரும் உள்ளே நுழைய வேண்டாம்.

நான் திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கே நுழையப் பார்த்தேன். வகுப்பில் என்னைவிட இருபது வயது இளையவர்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் தடுமாறக் கூடாது, கொஞ்சம் பழகிக்கொண்டு போய் உட்கார வேண்டும் என்று நினைத்தேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயரைக் கேட்டது. அடித்தேன். ஆறு எழுத்துகளும் வரிசையாக விழுந்தன. அடுத்த வரியில் பாஸ்வேர்டைக் கேட்டது. முதல் இலக்கத்தை அழுத்தினேன். ஒன்றும் விழவில்லை. அழுத்தி அடித்தேன். இல்லை. ஐந்து இலக்கங்களையும் மும்மூன்று முறை அடித்துப் பார்த்தேன். கீபோர்டின் வலப்பக்கத்தில் தனியாக உள்ள எண்களையும் அடித்தேன். திரை அப்படியே இருந்தது. கடைசியில் என்டரைத் தட்டியதும் தவறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஆறு முறை செய்தேன், ஆறு முறையும் அதே வரி.

எழுத்துகள் விழுகின்றன, எண்கள் மட்டும் விழவில்லை. சனிக்கிழமை மாலைவரை அதே கீபோர்டில் அளவுகளை எண்ணெண்ணாக ஏற்றியிருக்கிறேன். இடையில் நடந்தவை இரண்டு. ஒன்று, புதிய லினக்ஸ். மற்றது, ஞாயிற்றுக்கிழமை ஆய்வறையைத் துடைத்திருந்தார்கள். ஆடி மாதத் தூறலில் எதுவும் காயாமல், கீபோர்டுக்கு முன்னால் மேசையில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் இன்னும் இருந்தது. லினக்ஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஈரம் என்ன செய்யும் என்பது தெரியும்.

எங்கள் ஆலையில் எந்தப் பழுதுக்கும் ஒரு படிவம் உண்டு. அடுத்தடுத்து ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு, ஐந்தாவது பதிலில் மூல காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 'வொய் வொய்' என்போம். என்னுடைய படிவங்களைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். எட்டு மணிக்குள் எழுதி முடித்து அலுவலகத்தில் கொடுத்தேன். எண்கள் ஏன் விழவில்லை? உள்ளே இணைப்பு விட்டதால். ஏன் விட்டது? ஈரம் இறங்கியதால். ஏன் இறங்கியது? ஈரத்துணியால் துடைத்ததால். ஏன் ஈரத்துணி? துடைத்தவருக்கு மின்கருவிகளைப் பற்றித் தெரியாததால். தெரியாதவர் ஏன் உள்ளே வந்தார்? தடுக்க ஏற்பாடு இல்லாததால். தீர்வு: அந்த நபரை ஆய்வறைக்குள் அனுமதிக்கக் கூடாது.

அந்த நபர், ஒப்பந்தக்காரர் மூலம் துப்புரவு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்மணி. ஏறக்குறைய என் வயது. உத்தனப்பள்ளியிலிருந்து காலைப் பேருந்தில் வருவார். வீட்டில் தெலுங்கு பேசுவார், மேற்பார்வையாளரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். பதினொரு மணிக்கு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் அவரை ஆய்வறைக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

"சாருகிட்ட நீயே சொல்லு."

"பொட்டி மேல தண்ணியே படல சார்," என்றார் அவர்.

"ஏம்மா, மேசையில ஈரம் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"மேசைக்கு ஈரத்துணி, பொட்டிக்குக் காஞ்ச துணி. நீங்கதான சார் ஒரு வாட்டி சொன்னீங்க? அதுலேர்ந்து ரெண்டு துணி வெச்சிருக்கன்."

"அப்ப நம்பர் ஏன் விழல?"

"அது எனக்கு எப்பிடி சார் தெரியும்? நான் தொடைக்கிறவ."

"பாருங்க சார்," என்று மேற்பார்வையாளர் சிரித்தார். "எதுத்துப் பேசறதுல மட்டும் இவ எம்.ஏ."

மூன்றரை மணிக்கு முதல் ஷிப்டு முடிந்து வெளியே போகும்போது, காவலாளி அந்தப் பெண்மணியின் கேட் பாஸை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போடுவதைப் பார்த்தேன். நான் எழுதியது ஆய்வறைக்குள் விட வேண்டாம் என்றுதான், வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை என்று பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்பந்த ஆள் மீது அறிக்கை போனால் என்ன நடக்கும் என்பது இருபத்தொரு ஆண்டுகள் அங்கே இருந்தவனுக்குத் தெரியாததல்ல.

செவ்வாய்க்கிழமை ஸ்டோரிலிருந்து புதிய கீபோர்டு வந்தது. மாட்டினேன். எழுத்துகள் விழுந்தன. எண்கள் விழவில்லை.

ஒரு பாகம் அளவில் தவறினால், முதலில் அளக்கும் கருவி சரியா என்று பார்க்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடம் அது. முந்தைய நாள் செய்யாத சோதனையை அப்போது செய்தேன். பெயர் கேட்கும் முதல் வரியிலேயே எண்களை அடித்தேன். ஐந்தும் பளிச்சென்று விழுந்தன. கணினியை அணைத்துவிட்டு, சிவப்பு அட்டை கட்டிப் பழுதுப் பெட்டியில் போட்டிருந்த பழைய கீபோர்டை எடுத்து மாட்டி, மறுபடி அதையே செய்தேன். அதிலும் விழுந்தன. ஒரு எண்கூடப் பழுதில்லை. ஐந்து நிமிட வேலை.

பழைய கீபோர்டைக் கழற்றி, சிவப்பு அட்டையோடு பழுதுப் பெட்டியிலேயே திரும்பப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என்னதான் காரணம் என்பது தெரியட்டும், தெரிந்ததும் சொல்லலாம் என்று ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன்.

காரணம் புதன்கிழமை வகுப்பில் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்தது. சொல்லிக்கொடுத்தவர் கணினிப் பிரிவில் இருந்த பெண், இருபத்தைந்து வயது இருக்கும். பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"பாஸ்வேர்டு அடிக்கறப்ப ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாதுங்க சார். புள்ளி, ஸ்டார், எதுவுமே வராது. ஆனா உள்ள போயிட்டுதான் இருக்கும். பயப்படாம அடிச்சு என்டர் தட்டுங்க."

"சாமி மாதிரின்னு சொல்லுங்க மேடம்," என்றார் லேத் பிரிவுக்காரர் ஒருவர். "இருக்குது, கண்ணுக்குத் தெரியாது."

"சாமியாச்சும் தப்பா கும்பிட்டா சும்மா இருக்கும்ணா. இது தப்பு தப்புன்னு திருப்பி அனுப்புது," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஐந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக, ஒரே ஒரு முறை அடித்து என்டரைத் தட்டினேன். கதவு திறந்துகொண்டது.

அன்று கற்றவை: எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்பது, அங்கே என்னென்ன கோப்புகள் உள்ளன என்று பார்ப்பதற்கு ls, இன்னொரு இடத்துக்குப் போவதற்கு cd, ஒரு கோப்பை அழிப்பதற்கு rm. "இது மட்டும் கவனம். rm உங்கள எதுவும் கேக்காது, சொன்னதும் அழிச்சிரும்," என்று அந்தப் பெண் இரண்டு முறை சொன்னார். நான் அளவுகோல் வைத்து மூன்று பத்திகள் கோடிட்டு, கட்டளை, பொருள், செய்த தவறு என்று எழுதிக்கொண்டேன். வகுப்பு முடிவில் அவர் அந்த நோட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். "சார் நோட்டப் பாருங்க. இப்படித்தான் எழுதணும்." மூன்றாவது பத்தியில் பாஸ்வேர்டுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மேலாளரின் அறைவரை போனேன். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிட்டேன். மதியம் அறை காலியாக இருந்தது, நான் போகவில்லை. ஆய்வறையைத் துடைக்கப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். இடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது, நாளாக நாளாகப் பழையவர் திரும்பி வருவது கடினம் என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் அந்த நாள் போயிற்று.

அடுத்த வாரம் மாதாந்தரக் கூட்டம். அதில் எல்லா வொய் வொய் அறிக்கைகளையும் திரையில் காட்டி வாசிப்பார்கள். என்னுடையதைக் காட்டினால், 'எண்கள் ஏன் விழவில்லை?' என்ற முதல் வரியிலேயே அறை முழுவதும் விஷயம் விளங்கிவிடும். லேத் பிரிவுக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். தாளில் எழுதும் படிவத்தை அலுவலகத்தில் கணினியில் ஏற்றியதும் கிழித்துவிடுவது வழக்கம். மிச்சம் இருப்பது எங்கள் பிரிவின் பொதுக் கோப்புறையில் உள்ள ஒரு கோப்புதான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு ஆய்வறையில் தனியாக இருந்தேன். நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு cd அடித்துப் பொதுக் கோப்புறைக்குள் போனேன். ls அடித்தேன். என் அறிக்கை மேலிருந்து நான்காவதாக இருந்தது. rm என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அடித்து, என்டரைத் தட்டினேன். அது ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ls அடித்தேன். பட்டியலில் ஒன்று குறைந்திருந்தது. யாருடைய துணையும் இல்லாமல் லினக்ஸில் நான் பிழையின்றிச் செய்த முதல் வேலை அதுதான். அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருப்பது: 'வெள்ளி. தூறல். கோப்புறைகளுக்குள் போய்வரப் பழகினேன்.'

இரண்டாம் வகுப்பு திங்கட்கிழமை மாலை.

"இன்னிக்கு history. நீங்க இதுவர என்னென்ன அடிச்சீங்களோ எல்லாத்தையும் இது எழுதி வெச்சிருக்கும். ஒவ்வொருத்தரா அடிச்சுப் பாருங்க. எங்க தப்பு விட்டீங்கன்னு நான் வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒவ்வொரு மேசையாக வரத் தொடங்கினார்.

அடித்தேன். வரிசை எண் போட்டு, நான் அடித்த ஒவ்வொரு வரியும், அடித்த ஒழுங்கிலேயே திரையில் வந்து நின்றது. கீழிருந்து மூன்றாவது வரியில் rm. அதன் பக்கத்தில் என் அறிக்கையின் பெயர் முழுதாக. திரையை எப்படித் துடைப்பது என்று எனக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. அந்தப் பெண் பின்னால் வந்து நின்றார். படித்தார். குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி பேசினார்.

"சார், இது பொது ஃபோல்டர்ல இருந்த ரிப்போர்ட் இல்ல?"

"ஆமா."

"தெரியாம அழிச்சிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதற்குத்தான் வாயெடுத்தேன். ஆனால் பெயரைச் சரிபார்க்க நான் அதற்கு முன்னும் பின்னும் அடித்த ls-கள் அவர் கண்ணெதிரே இருந்தன.

"இல்லம்மா. தெரிஞ்சுதான்," என்றேன். கீபோர்டு, பாஸ்வேர்டு, ஈரத்துணி எல்லாவற்றையும் நான்கைந்து வாக்கியங்களில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா இப்ப வேலைக்கு வர்றாங்களா சார்?"

"இல்ல."

"ரிப்போர்ட் இல்லாம அத ரத்து பண்ண முடியாதே. பேக்கப்ல இருக்கும், நான் எடுத்துத் தர்றேன். மேனேஜர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

நானாகப் போய்ச் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. அகப்பட்டுக்கொண்டதால் போனேன். மேலாளர் தினமும் கர்நாடக எல்லையைத் தாண்டி வந்து போகிறவர். கேட்டு முடித்ததும், "நீங்களா? ஏன்ரீ இது," என்று பாதிக் கன்னடத்தில் கேட்டு, மேசையைத் தட்டிச் சிரித்தார். ஒரு வாரமாக நான் பயந்த சிரிப்பு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு நான் பேக்கப்பிலிருந்து அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த அறிக்கையின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளருக்கு அங்கிருந்தே போன் செய்தார். அந்தப் பெண்மணியிடம் போன் இல்லை, யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு என்று பதில் வந்தது. நான் போகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்ததும் இராயக்கோட்டைப் பேருந்தில் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கினேன். விசாரித்ததில் தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வரப்பில் ஷூவோடு நடந்து போனபோது, பறித்த காய்களைப் பழுத்தது, செங்காய் என்று பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"உங்க மேல தப்பு இல்ல. கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

"நான் அன்னிக்கே சொன்னன்."

"அந்தப் புது சிஸ்டத்துல நம்பர் அடிச்சா திரையில காட்டாதாம். எனக்கு அது தெரியல. ரிப்போர்ட்ட ரத்து பண்ணியாச்சு. நாளைக்கே வரலாம்."

அவர் ஒரு காயைத் திருப்பிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார்.

"கீபோர்டு நல்லா இருக்குதுன்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சிது?"

நேற்று என்று சொல்ல முடியும். அவருக்குச் சரிபார்க்க வழி கிடையாது.

"செவ்வாக்கிழம."

"இன்னிக்கா?"

"போன செவ்வா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேத்துதான் தெரிஞ்சிருக்கும், ஒடனே ஓடியாந்துட்டாருன்னு நெனச்சன்," என்றார். குரலில் கோபம் இல்லை. பக்கத்து வரிசையில் இருந்த பெண் தெலுங்கில் ஏதோ கேட்டார். இவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

"வர்றன் சார். ஆனா உங்க ரூமுக்கு வேணாம். கேன்டீன் பக்கம் போடச் சொல்லுங்க."

புதன்கிழமை காலை கேட் பாஸ் இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. இடமாற்றச் சீட்டோடு மேற்பார்வையாளர் என்னிடம் வந்தார்.

"என்னா சார் இது? ஏசி ரூம உட்டுட்டு யாராச்சும் கேன்டீன் கேப்பாங்களா? காரணம்னு ஒரு கட்டம் இருக்குது, என்னா போடறது?"

"தப்பு என்னுதுன்னு தெரிஞ்சும் ஆறு நாள் நான் வாயத் தொறக்கலன்னு எழுதுங்க."

அவர் சீட்டை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"அதெல்லாம் எதுக்கு சார். கேன்டீன்ல ஆள் பத்தலன்னு போட்டுக்கறன்," என்றார்.

சரி என்றேன்.