வாலைப் பார்க்காத கும்பிடு

ஸ்ரீரங்கத்தில் வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் பருந்தைத்தான் கும்பிடுகிறார்கள். கருடன் வேறு, பருந்து வேறு. உயரே வட்டமடிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கருடனின் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் வெயிலுக்கு எதிரே கறுத்துப்போகும். கருடக் குஞ்சோ, வளர்கிற வரைக்கும் பருந்தின் பழுப்பு நிறத்திலேயே திரியும். அதனால் வாலைப் பார்க்க வேண்டும். பருந்தின் வால் நடுவில் பள்ளம் விழுந்து மீன்வால்போல் இருக்கும். கருடனின் வால் விசிறிபோல் உருண்டு முடியும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

எனக்குப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் முக்கொம்பு அணைக்கரையில் முப்பது வருஷம் மீன் வறுத்து விற்றவள் நான். தட்டிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு பறப்பது எது என்று வாலைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன். பருந்து என்றால் அதன் பரம்பரையையே திட்டுவேன். கருடன் என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

மகன் தன் அடுக்குமாடி வீட்டுக்கு என்னைக் கூட்டிவந்த அன்றே, "முக்கொம்புல கடை வச்சிருந்தேன்னு மட்டும் சொல்லும்மா, போதும்" என்றான். நானும் அப்படியே சொன்னேன். என்ன கடை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு என்னை யாரும் பார்க்கவுமில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மொட்டைமாடிக்கு எல்லாரையும் கூப்பிட்டார். பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "குருவாரத்துல கருட தரிசனம், சேவிச்சுக்கோங்கோ" என்றார். எல்லாரும் கைகூப்பினார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது பருந்துங்க" என்றேன். "வாலைப் பாருங்க, நடுவுல பள்ளம்."

இரண்டாம் மாடி மாமி போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். நடுவில் பள்ளம் விழுந்த வால். மாமி கையைக் கீழே இறக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார் செயலாளர்.

"எங்கிட்டேருந்து எத்தனையோ மீன் தூக்கியிருக்குங்க. முக்கொம்புல மீன் வறுத்துதான் வித்தேன்."

அன்றைக்கு என்னோடு யாரும் லிஃப்டில் ஏறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வானத்தில் எது பறந்தாலும், நாலடி தள்ளி நின்று, "அம்மா, இது எது?" என்று கேட்டுவிட்டுத்தான் கைகூப்பினார்கள். என் சொல் வேண்டும், என் வாசனை மட்டும் வேண்டாம்.

மாசியில், பின்சுவரை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பறவை ஜோடி கூடு கட்டியது. பங்குனியில் இரண்டு குஞ்சுகள். ஒருநாள் மாமி மாடியில் பிழிந்து வைத்திருந்த வடாத்தின் நடுவில் கோழி எலும்பு ஒன்று வந்து விழுந்தது. மறுநாளே மரம் வெட்டுகிற ஆளை வரவழைத்துவிட்டார்கள். என்னையும் கீழே கூப்பிட்டார்கள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கோம்மா" என்றார் செயலாளர். "கருடன்னா கை வைக்க மாட்டோம். பருந்துன்னா அந்தக் கிளையை இறக்கிடலாம்."

அண்ணாந்து பார்த்தேன். தாய் கிளையில் உட்கார்ந்திருந்தது. வாலில் பள்ளம். சந்தேகத்துக்கே இடமில்லை. கூட்டுக்குள்ளிருந்து இரண்டு வாய்கள் திறந்து மூடின. மரம் வெட்டுகிறவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பறக்கத் தெரியாத உயிர் இரண்டு பிழைப்பதற்கும் சாவதற்கும் பெயர்தான் கணக்கு என்று, படித்த பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கருடன்தாங்க" என்றேன்.

"தலை வெளுப்பா இல்லையே" என்றார் மாமி.

"இளஞ்சோடி. இனிமேதான் வெளுக்கும். நமக்கு மட்டும் பொறந்ததுமே நரைக்குதா?"

"வால் பள்ளமா இருந்தா பருந்துன்னு நீங்கதானே சொன்னேள்?"

"குஞ்சு வளக்குற நேரத்துல நடுவுல எறகு உதிரும்ங்க."

நாக்கு கூசியது. பறவை விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. யாராவது ஒருவர், 'இதென்ன கதை' என்று கேட்பார் என்று காத்திருந்தேன். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

மரம் வெட்டுகிறவர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "கருடன்தானுங்க. எங்க மண்ணச்சநல்லூர்ப் பக்கம் இந்தக் கருடன் கோழிக்குஞ்சு தூக்கும்" என்றார். அதையும் நம்பினார்கள்.

அதன் பிறகு கோழிக்கடையிலிருந்து குடல் வந்து விழுந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. மாமி வடாத்தை எதிர்ப்பக்க மாடிக்கு மாற்றிக்கொண்டு, "பெருமாள் வாகனம், சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார். சித்திரையில் இரண்டு குஞ்சுகளும் பறந்தன. மொத்தக் குடியிருப்பும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பள்ளம் விழுந்த வால்கள் இரண்டு அவர்கள் தலைக்கு மேலேயே போயின.

போன வாரம் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். செயலாளரும் மாமியும் இன்னும் சிலரும் நாலடி தள்ளி இருந்தார்கள். காவிரிப் பக்கமிருந்து ஒன்று வந்தது. தாழப் பறந்ததால் வெள்ளைத் தலையும் செம்பட்டை முதுகும் பளிச்சென்று தெரிந்தன. வால் உருண்டை. நிஜக் கருடன். என் கை தானாகக் குவிந்தது.

செயலாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்மாத்துக் கருடன் மாதிரி இல்லையே இது. பருந்தா இருக்கும்" என்றார். மாமி வடாத்தைத் திருப்பிப் போடக் குனிந்தார். ஒரு கையும் எழவில்லை.

பிறகு செயலாளர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்னம்மா, நீங்களே பருந்தைக் கும்பிடறேளே?"

எது எது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொன்னால் தூங்குமூஞ்சிக் கூட்டின் கதையும் வெளியே வரும். அடுத்த மாசியில் அந்த ஜோடி அதே கிளைக்குத்தான் திரும்பும்.

"வயசாயிடுச்சுல்லங்க" என்றேன். "கண்ணு மங்கிப்போச்சு."

கூப்பிய கையை மட்டும், கருடன் கோபுரத்துக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் நான் இறக்கவில்லை.